நாற்பது சைஸ்

மச்சினன் வெற்றியின் கல்யாணத்துக்கு வீட்டு ஆண்கள் எல்லோரும் மயில்கழுத்து நிறத்தில் ஒரே மாதிரி சட்டை போடுவது என்று முடிவாகியிருந்தது. வாட்ஸ்அப் குழுவில் ஆளாளுக்கு சைஸ் போட்டார்கள். நான் நாற்பது என்று போட்டேன். புதன்கிழமை சட்டை மாத்தூரில் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. மேலே இரண்டு பொத்தான்கள் போட முடிந்தது. மூன்றாவது எட்டவில்லை. கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை.

வெற்றி என் மனைவி மலரின் தம்பி. மலர் இறந்து பதினான்கு மாதங்கள் ஆகின்றன. மூளைக்காய்ச்சல். ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள்.

அதற்குப் பிறகு நான் துணி எதுவும் வாங்கவில்லை. மணலியில் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை. அங்கே கம்பெனி டி-ஷர்ட் கொடுக்கிறார்கள், இழுத்த இழுப்புக்கு வரும். சாயங்காலம் திரும்பும்போது பிரியாணி பார்சல் வாங்கி வருவேன். சாப்பிட்டால் தூக்கம் வந்தது. அதற்காகவே சாப்பிட்டேன். உடம்பு ஏறியது. கண்ணாடியில் முகத்துக்குக் கீழே பார்ப்பதை விட்டுவிட்டேன்.

மனைவியைப் பறிகொடுத்தவன் இளைத்திருக்க வேண்டும். ஒட்டிய கன்னம், தாடி. நான் கன்னம் உப்பி இருந்தேன். மலரின் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் கூடும் மண்டபத்தில் இந்த உடம்போடு போய் நிற்க எனக்குத் தைரியம் இல்லை. சட்டை பத்தாமல் போனது வசதியாக இருந்தது. வியாழக்கிழமை காலையில் வெற்றிக்கு போன் செய்தேன். சட்டை பத்தவில்லை, ஞாயிறு யார்டில் வேலையும் இருக்கிறது, வர முடியாது போல என்றேன்.

பத்து நிமிடத்தில் மாமியார் கெங்கம்மா கூப்பிட்டாள்.

"இன்னா மாப்ள, வர்லன்னியாமே?"

"சட்டை பத்தல அத்தை."

"சட்ட பத்தலன்னா கடைய மூடிட்டானா? மாப்ளய கையப் புடிச்சி மேடைக்கு இட்டுகினு வர்றது அக்கா புருசன். உன்ன வுட்டா எனுக்கு வேற மருமவன் யாரு கீறா? சட்டைய எட்துகினு மூணு மணிக்கு எம்.சி. ரோடு துணிக்கடைக்கு வா. நானும் வரேன்."

வைத்துவிட்டாள்.

கெங்கம்மா திருவொற்றியூர் மார்க்கெட்டில் மீன் விற்கிறாள். வியாபாரம் முடித்து, குளித்து, ஈரத் தலையோடு கடை வாசலில் நின்றிருந்தாள். கல்யாணத்துக்குத் துணி எடுத்த அதே கடை. என்னை ஒரு முறை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். படியேறினாள்.

மாடியில் சட்டைப் பிரிவில் நின்ற விற்பனையாளரின் சட்டைப் பையில் நசீர் என்று பெயர் குத்தியிருந்தது. ஐம்பது வயது இருக்கும். சட்டையைப் பிரித்துப் பார்த்தார்.

"நாப்பத்தி ரெண்டு போட்டுப் பாக்கறீங்களா சார்?"

"என் சைஸ் நாற்பதுதான். இதுல கட்டிங் சரியில்ல."

நசீர் என் வயிற்றைப் பார்க்கவில்லை. மின்விசிறியைப் பார்த்தார். பழகியவர்.

"ஆமா சார், இந்த மாடல் கொஞ்சம் சின்னதா வருது."

"இன்னா சின்னதா வருது?" என்றாள் அத்தை. "கட்டிங்கு நல்லாதான் கீது. ஆளப் பாத்து எடு பாய். நாப்பத்தி நாலு."

பக்கத்தில் வேட்டி பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பினார்கள்.

"அத்தை, மெதுவா."

"இன்னா மெதுவா? பொண்ணு பாக்கவா வந்துகீறாங்க உன்ன?"

"எனக்கு நாற்பதுதான் அத்தை. மலர் அதான் வாங்குவா."

அத்தை கையிலிருந்த மஞ்சள் பையைக் கண்ணாடி மேசை மேல் வைத்தாள்.

"மலரா? கண்ணாலம் ஆன மறு வருசத்துலேந்து உனுக்கு நாப்பத்தி ரெண்டுதான் வாங்கினா. வாங்கினு நேரா நம்மூட்டுக்கு வருவா. கய்த்தாண்ட நம்பர் போட்ட துணி இருக்குமே, அத கத்திரிப்பா. இன்னாடி பண்றேன்னா, நம்பரப் பாத்தா அவரு ராவிக்கு சோத்துல கை வெக்க மாட்டாரும்மா, பேஜாரு பண்ணுவாருன்னுவா."

லேபிள் கழுத்தில் உறுத்தும், அதனால் வெட்டுகிறேன் என்றுதான் என்னிடம் சொல்லியிருந்தாள். வீட்டில் இருக்கும் என் சட்டை எதிலும் லேபிள் கிடையாது. நான் அதைப் பற்றி யோசித்ததே இல்லை. நான்கு வருடம் நாற்பத்து இரண்டைப் போட்டுக்கொண்டு நாற்பது என்று சொல்லித் திரிந்திருக்கிறேன். அவள் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள்.

"நாப்பத்தி நாலுல ஒரே பீஸ்தான் சார் இருக்கு" என்று நசீர் கொண்டுவந்து நீட்டினார்.

டிரையல் ரூம் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இருந்தது. மூன்று பக்கமும் கண்ணாடி. மேலே பளிச்சென்று ட்யூப்லைட். டி-ஷர்ட்டைக் கழற்றினேன். எங்கே திரும்பினாலும் நான்தான் இருந்தேன். மார்பு தொங்கியிருந்தது. வயிற்றின் ஓரங்களில் சிவப்பாகக் கோடுகள் விழுந்திருந்தன. அவை எப்போது வந்தன என்று தெரியவில்லை. முதுகுச் சதையை அன்றுதான் பார்த்தேன்.

சட்டையைப் போட்டேன். எல்லாப் பொத்தான்களும் எட்டின. குனிந்து பார்த்தேன். எங்கும் இறுக்கிப் பிடிக்கவில்லை. தோளும் சரியாக இருந்தது.

வராமல் இருக்க இனி காரணம் இல்லை.

"இன்னா மாப்ள, ஆச்சா?" கதவுக்கு வெளியே அத்தையின் குரல்.

"பத்தல."

"பத்தலியா? தெற, பாக்கறேன்."

"பத்தல அத்தை. நீங்க போங்க. நான் வரல. விட்டுடுங்க."

பிறகு குரல் இறங்கி, கதவுக்கு மிக அருகில் கேட்டது.

"யாரு இன்னா சொல்வாங்கன்னு கீது உனுக்கு?"

நான் சட்டையின் கீழ்ப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "பொண்டாட்டி செத்ததும் நல்லா தின்னு ஊதிட்டான்னு சொல்லுவாங்க."

"சொல்வாங்க" என்றாள். "நானே சொன்னேன். ஆடி மாசம் தேரடி பஸ் ஸ்டாப்பாண்ட நின்னு பஜ்ஜி துன்னுகினு இருந்த. என் பொண்ணு மண்ணுக்குள்ள கீறா, இவன் கன்னம் பளபளன்னு கீதேன்னு வயிறு எரிஞ்சிச்சி. கூப்புடாம கூடையோட அந்தாண்ட திரும்பிகினேன்."

"பாத்தேன்."

"இன்னா?"

"நீங்க திரும்பினதப் பாத்தேன் அத்தை."

அன்றைக்குக் கையிலிருந்த மீதி பஜ்ஜியைக் குப்பையில் போட்டேன். வழியில் மறுபடியும் பிரியாணி வாங்கினேன். இதை அவளிடம் சொல்லவில்லை.

வெளியே அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு சேலையை உதறும் சத்தம்.

"என் ஜாக்கெட்ட ரெண்டு தபா பிரிச்சித் தச்சிட்டேன் இந்த வருசத்துல. பெத்தவ நானு. என்ன எவளும் கேக்கல. எவளாவது உன்னக் கேட்டா எங்கிட்ட அனுப்பு, அவ புருசன் எவ்ளோ துன்றான்னு நான் கேக்கறேன்." மறுபடியும் பழைய குரல் வந்துவிட்டது. "இப்ப தெறக்கிறியா, பாய உள்ள அனுப்பட்டா?"

"நமக்கு எதுக்கும்மா அது" என்றார் நசீர் தூரத்திலிருந்து.

தாழ்ப்பாளை நீக்கினேன்.

அத்தை தோள் தையலை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தாள். என்னைத் திருப்பி, முதுகில் சுருங்கியிருந்த துணியை உள்ளங்கையால் நீவி விட்டாள். கையில் சோப்பையும் மீறி லேசாக மீன் வாசம் இருந்தது. என்மேல் இன்னொருவர் கை பட்டு ரொம்ப நாளாகியிருந்தது. அவள் கையை எடுக்கும் வரை அசையாமல் நின்றேன்.

"பத்தலன்ன?"

"பத்துது."

"ஞாத்திக்கெயம காலைல அஞ்சு மணிக்கெல்லாம் மண்டபத்துல இரு. அவன் தூங்குமூஞ்சி, நீதான் எய்ப்பி இட்டாரணும்."

"சரி அத்தை."

"கால்ல இன்னா போடுவ? அந்த வெளுத்துப் போனதா? பாய், பேன்ட்டு காட்டு."

நசீர் அடுக்கின் பக்கம் போனார். "கலர் சந்தனத்துல தரேன், இந்தச் சட்டைக்கு எடுப்பா இருக்கும். இடுப்பு எவ்ளோ சார்?"

முப்பத்து நான்கு என்று வாய் வரை வந்தது.

"தெரியல. அளந்து பாருங்க."

இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு கடையின் நடுவில் நின்றேன். நசீர் டேப்பை என்னைச் சுற்றிக் கொண்டுவந்தார். அதற்காக என்னை லேசாக அணைக்க வேண்டியிருந்தது. வேட்டிக்காரர்கள் இருவரும் வேடிக்கை பார்த்தார்கள். மூச்சை இழுத்துப் பிடிக்கத் தோன்றியது. பிடிக்கவில்லை. நசீர் டேப்பைப் பார்த்துவிட்டு, என் காதருகே வந்து நம்பரை ரகசியமாகச் சொன்னார்.

"எத்தினியாம்?" என்றாள் அத்தை.

"முப்பத்தெட்டு" என்றேன், அவளுக்குக் கேட்கும்படி.