ரஜிதன் ஏன் சிரித்தான்

சிவதர்சினிக்குப் பெரிய வெட்கக்கேடாகப் போய்விட்டது. கிளிநொச்சி மண்டபத்தில் அத்தனை பேரும் ஆடாமல் அசையாமல் குறும்படம் பார்த்துக்கொண்டிருக்க, அவள் கணவன் ரஜிதன் மட்டும் சத்தமாகச் சிரித்தான்.

படத்தில் ஒரு தகப்பன் வருடாவருடம் கடைக்குப் போய்ச் சிறுமிகள் போடும் செருப்பு வாங்குகிறான். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பெரிய அளவு. வீட்டிலோ பிள்ளை இல்லை.

"விசரன். ஆருக்கு வாங்கிறான்?" என்றான் ரஜிதன். முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஸ்கந்தபுரத்துக்குத் திரும்பும் வழியெல்லாம் மோட்டார் சைக்கிளின் பின்னாலிருந்து சிவதர்சினி பொரிந்து தள்ளினாள்.

"அடிபிடி இருந்தால்தான் உங்களுக்குப் படம். காணாமல்போன பிள்ளை அந்தாளின்ர மனசில இன்னும் வளருது. அதுதான் அளவு கூடுது. இதுகூட விளங்கேல்லையோ?"

ரஜிதன் குளக்கட்டோரமாக வண்டியை நிறுத்தினான். இறங்கிக் கட்டின் மேல் தண்ணீரைப் பார்த்தபடி உட்கார்ந்தான்.

"முதல் சோடி வாங்கேக்கையே விளங்கிட்டுது."

"பிறகேன் சிரிச்சனீங்கள்?"

"சிரிக்காட்டி எழும்பி ஓடியிருப்பன்."

கஜனி என்ற பெயர் சிவதர்சினிக்குத் தெரியும். போரின் கடைசிச் சண்டையில் சனத்தோடு சனமாக ஓடியபோது கைதவறிப் போன அவன் தங்கை. ஆறு வயது. கலியாணமான புதிதில் மாமி சொன்னது அவ்வளவுதான். ரஜிதன் ஒருநாளும் அதைப்பற்றி வாய் திறந்ததில்லை. சின்ன வயதில் நடந்தது, மறந்துவிட்டான் என்றே அவள் நினைத்திருந்தாள்.

"சந்தையில இளம்பிள்ளையளைக் கண்டால் உயரத்தைத்தான் பாப்பன்," என்றான் அவன். "கஜனி இப்ப என்ர தோள்மட்டுக்கு வந்திருப்பாளோ எண்டு. உமக்கு இதைச் சொன்னால் நீர் என்ன நினைப்பீரோ தெரியாது."

கோபம் போன இடம் தெரியவில்லை. அவளும் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கஜனி எப்பிடிப் பிள்ளை?" என்று கேட்டாள்.

அவன் யோசித்தான். "சரியான வாய்க்காறி. மரக்கறி எல்லாத்தையும் என்ர கோப்பைக்குள்ள தள்ளிப்போட்டு, அண்ணா சாப்பிடேல்லை எண்டு அம்மாவிட்டச் சொல்லுவாள்."

ஒன்றைச் சொல்ல இன்னொன்று வந்தது. வெயில் தாழும்வரை சொல்லிக்கொண்டிருந்தான்.

வீட்டு வாசலில் மாமி நின்றா. "படம் எப்பவோ முடிஞ்சிருக்குமே. எங்க நிண்டனீங்கள்?"



"கஜனியைப் பற்றிக் கதைச்சுக்கொண்டு இருந்தனாங்கள் அம்மா," என்றான் ரஜிதன்.

மாமி அவன் முகத்தையே பார்த்தா. பிறகு விறாந்தைக் கதிரையில் அமர்ந்து, "என்ன கதைச்சனீங்கள்? எனக்கும் சொல்லுங்கோ," என்றா.