மடக்குத் துப்பாக்கி கொண்டுவந்த ஆஸ்பத்திரி

என்னிடம் இருக்கும் துப்பாக்கியை மடக்கினால் தூரமும் சேர்ந்து மடங்கும். குழல் எந்தத் திசையைப் பார்த்திருக்கிறதோ அந்தத் திசையில் உள்ள ஊர் எங்கள் வாசலுக்கு வந்து நிற்கும். நிமிர்த்தினால் தன் இடத்துக்குத் திரும்பிவிடும். மடக்குத் துப்பாக்கிகளில் குட்டை ரகம் எல்லாமே அப்படித்தான் என்று கடைக்காரர் விற்கும்போதே சொல்லியிருந்தார். மடக்கும்முன் எதிரே என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளச் சொன்னார். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நான் அதை வாங்கியது காட்டுப்பன்றிகளுக்காக. எங்கள் ஊர் மலைமேல் இருக்கிறது. மரவள்ளி போட்டிருந்தேன். கிழங்கு முற்றும் சமயத்தில் பன்றிகள் குடும்பத்தோடு வந்து தோண்டிவிட்டுப் போகும். பயிர்ப் பாதுகாப்புக்கு என்று லைசென்ஸ் வாங்கினேன். கைத்துப்பாக்கியில் போடுகிற அதே சின்னத் தோட்டாதான் இதற்கும். தோளில் சாத்திப் பிடிக்கக் கட்டை உண்டு. நடுவில் ஒரு கீல். மடக்கினால் மஞ்சப்பைக்குள் அடங்கிவிடும். வானத்தைப் பார்த்து ஒருமுறை சுட்டால் பன்றிகள் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடும். யாருக்கும் அடிபட்டதில்லை.

என் மனைவி செல்லாயிக்கு இரண்டு கிட்னியும் வேலைநிறுத்தம் செய்தபோதுதான் அந்தக் கீலின் அருமை எனக்குத் தெரிந்தது. டவுன் ஆஸ்பத்திரியில் ஒருநாள் விட்டு ஒருநாள் டயாலிசிஸ் என்றார்கள். மலையை விட்டு இறங்கும் பாதை முழுக்கக் கொண்டை ஊசி வளைவு. முதல் வாரத்தில் பஸ்ஸில் வாந்தி எடுத்து எடுத்து அவளுக்கு உதடு வெளுத்துவிட்டது. ஒருநாள் திரும்பும் வழியில், "என்னை இனிக் கூட்டிப்போக வேண்டாம். வீட்டிலேயே இருந்துக்கறேன்" என்றாள். அதற்கு என்ன அர்த்தம் என்று இருவருக்கும் தெரியும்.

மறுநாள் காலையில் துப்பாக்கியை வாசற்படியில் வைத்து, குழலை டவுன் இருக்கும் பக்கம் திருப்பி மடக்கினேன். எங்கள் வேலிப் படலுக்கு அந்தப் பக்கம் கடல் வந்து நின்றது. ஒரு மீனவர் வலையை உதறிக்கொண்டிருந்தார். நண்டு ஒன்று படலைத் தாண்டி உள்ளே வந்து துளசிச் செடியைச் சுற்றியது.

"கீல் ரொம்ப இறுக்கம்போல இருக்கே" என்றார் மீனவர்.

"புதுசுங்க" என்றேன். நண்டைப் பிடித்து அவரிடம் கொடுத்துவிட்டு நிமிர்த்தினேன்.

செல்லாயியின் தம்பி வெள்ளையன் டவுனில் லேத் பட்டறை வைத்திருக்கிறான். சொல்லியனுப்பியதும் வந்தான். துப்பாக்கியைப் பாகம் பாகமாகக் கழற்றிக் கோணிமேல் பரப்பினான். இறுக்கமான கீல் தூரத்து ஊரைக் கொண்டுவரும், தளர்ந்த கீல் பக்கத்து ஊரைக் கொண்டுவரும் என்று அவனுக்குப் பார்த்த உடனே புரிந்துவிட்டது. கீலில் ஒரு திருகாணி வைத்தான். டவுன் சரியாக வந்து நிற்கும் இடத்தில் சிவப்புப் பெயிண்டால் ஒரு புள்ளி வைத்தான். குறிபார்க்கும் முள்ளை ஆஸ்பத்திரித் தண்ணீர்த் தொட்டிக்கு நேராகப் பொருத்தினான்.

"பன்னிக்குக் குறி வெக்கணும்னா?" என்று கேட்டேன்.

"பன்னிக்கு எதுக்கு மாமா குறி? அதுங்கதான் நம்ம பேச்சக் கேக்குதுங்களே" என்றான்.

மடக்கும்போது எழும் சத்தம் பள்ளத்தாக்கில் இடியாக விழுந்தது. அதற்கு சைக்கிள் டியூபை வெட்டிக் கீலுக்குள் ஒட்டினேன். பின்கட்டை கன்னத்தில் உறுத்தாமல் இருக்கச் செல்லாயி தன் பழைய புடவையில் உறை தைத்தாள். பச்சையில் மாம்பிஞ்சுக் கரை. அந்த உறையோடு பார்த்தால் அது சுடுகிற பொருளாகவே தெரியாது. எங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி இருந்தது.

அதன் பிறகு காலைக் கஞ்சி குடித்துவிட்டு மடக்குவேன். படலைத் திறந்தால் ஆஸ்பத்திரி வராந்தா. செல்லாயி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவாள். நான் வாசலில் உட்கார்ந்து கிழங்கு சீவுவேன். நர்ஸுகள் எங்கள் தோட்டத்தில் கறிவேப்பிலை பறித்துக்கொள்வார்கள். முடிந்ததும் அவள் வந்து படுத்துக்கொள்வாள், நான் நிமிர்த்துவேன். வாந்தி நின்றது. உதட்டில் நிறம் வந்தது. நான் அந்தத் துப்பாக்கிக்குத் தினமும் எண்ணெய் போட்டுத் துடைத்தேன். ஆயுத பூஜைவரை காத்திருக்காமல் அதற்குச் சந்தனம் வைத்தேன்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கையில் அடிவாரத்திலிருந்து ஒரு அம்மா பஸ்ஸில் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்தார். அத்தாயி என்று பெயர் சொன்னார். எங்கள் வீட்டுக்கும் டவுனுக்கும் சரியாக நடுவில் அவருடைய ஜவ்வரிசிக் களம் இருக்கிறது. தூரம் மடங்கும்போது மடிப்பின் அடியில் போய் விழுவது அந்தக் களம்தான்.

"நீங்க மடக்குற நாளெல்லாம் எங்களுக்கு வானமே இல்லீங்கண்ணா" என்றார். "காலைல காயப்போட்டா மத்தியானம்வரைக்கும் இருட்டு. ஈர ஜவ்வரிசி புளிச்சுப்போகுது. பத்துப் பொம்பளைங்க வேலை பாக்குறோம். மடிப்பு விழுந்து விழுந்து களத்துச் சிமென்ட்டுல கோடு வந்திருச்சு."

அவரை உள்ளே கூட்டிப்போனேன். செல்லாயி கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். அத்தாயி அவள் கையைப் பார்த்தார். டயாலிசிஸுக்கென்று ஆஸ்பத்திரியில் இணைத்துவிட்ட நரம்பு, ஊசி குத்திக் குத்திக் கயிறு போலப் புடைத்திருந்தது. அதைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டுவிட்டுத் தொட்டார்.

"உள்ளுக்குள்ள ஏதோ ஓடற மாதிரி இருக்குங்க்கா."

"ஆமா. எப்பவும் ஓடிக்கிட்டே இருக்கும். படுத்தா சத்தம் கேக்கும்."

அத்தாயி கையை மெல்ல எடுத்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "மடக்காதீங்கன்னு சொல்லத்தான் வந்தேன். இனி எப்படிச் சொல்றது? முழுசா மடக்காம மடக்க வழி இருக்குதான்னு பாருங்கண்ணா" என்றார்.

வெள்ளையன் மறுபடி வந்தான். கீலுக்குள் ஒரு சின்னப் பித்தளைக் கட்டையை வைத்தான். இப்போது துப்பாக்கி முழுதும் மூடாது, ஒரு விரல் நுழைகிற இடைவெளி இருக்கும். அந்த இடைவெளி வழியாகக் களத்தில் ஒரு பட்டை வெயில் விழுந்தது. வெயில் நகர நகர அத்தாயியின் ஆட்கள் ஜவ்வரிசியைக் கூடவே தள்ளிக்கொண்டு போனார்கள். எங்கள் பக்கம், படலுக்கும் ஆஸ்பத்திரி வராந்தாவுக்கும் நடுவே ஒரு சோளக்காட்டு அகலத்துக்குப் பாதை மிச்சம் விழுந்தது. செல்லாயி என் தோளைப் பிடித்துக்கொண்டு அதை நடந்தாள். மூச்சு வாங்கும். நடுவில் நின்று, "அந்தம்மாவுக்கு இப்ப வெயில் விழுகும்ல?" என்று கேட்பாள். விழும் என்பேன். மறுபடி நடப்பாள்.

தேர்தல் வந்தது. லைசென்ஸ் துப்பாக்கிகள் எல்லாம் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கப்பட வேண்டும். ஸ்டேஷன் மலையடிவாரத்தில் இருக்கிறது. ஏட்டு பச்சமுத்து புடவை உறையோடு வாங்கிக்கொண்டார். கரை நன்றாக இருக்கிறது என்றார். நான் போகாமல் நின்றதைப் பார்த்து, "என்ன பிச்சண்ணே?" என்று கேட்டார்.

சொன்னேன். நாளைக்கு அவளுக்கு டயாலிசிஸ் நாள் என்பதையும் சொன்னேன்.

அவர் உத்தரவை எடுத்து இரண்டு முறை நிதானமாகப் படித்தார். "ஆயுதம் ஸ்டேஷனை விட்டு வெளிய போகக்கூடாதுன்னுதான் போட்டிருக்காங்க. ஊரு உள்ள வரக்கூடாதுன்னு எங்கயும் போடல" என்றார். "வீட்டுக்குப் போய்த் தயாரா இருங்க."

மறுநாள் காலையில் அவர் கீலைத் தளர்த்தி, குழலை மலையின் பக்கம் திருப்பி மடக்கினார். எங்கள் படலுக்கு வெளியே ஸ்டேஷன் முற்றம் வந்து நின்றது. செல்லாயியைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனேன். எங்கள் தோட்டத்திலிருந்து ஒரு பன்றியும் கூடவே வந்துவிட்டது. ஏட்டு அதை மனு கொடுக்க வந்தவர்கள் உட்காரும் பெஞ்சுக்குப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். அது உட்கார்ந்தது. பிறகு துப்பாக்கியை நிமிர்த்தி, டவுன் பக்கம் திருப்பி, சிவப்புப் புள்ளிக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்தி மடக்கினார். ஜீப் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில் ஆஸ்பத்திரி வந்தது.

இந்த முறை மடிப்பின் அடி அத்தாயியின் களத்தில் விழவில்லை. எங்கே விழுந்தது என்று கேட்டேன்.

"எங்க வீட்டுலதான்" என்றார் ஏட்டு. "என் வீட்டுக்காரி மோர்மொளகா காயப்போட்டிருந்தா. போன் பண்ணிட்டேன். எடுத்து வெச்சுக்கறேன்னுட்டா."

வாக்குப்பதிவுக்கு முன்பு ஒருநாள் பெரிய அதிகாரி ஒருவர் ஸ்டேஷனைப் பார்வையிட வந்தார். அப்போது செல்லாயி உள்ளே படுத்திருந்தாள். முற்றத்தில் ஆஸ்பத்திரி நின்றது. இப்போது நிமிர்த்தச் சொன்னால் அவள் பாதி ரத்தம் வெளியே ஓடிக்கொண்டிருக்கையில் நானில்லாத இடத்துக்குப் போய்விடுவாள். ஏட்டு எழுந்து சல்யூட் வைத்தார். அதிகாரி மடங்கிய துப்பாக்கியைப் பார்த்தார், ஆஸ்பத்திரியைப் பார்த்தார்.

"யாரு உள்ள?"

"இவரு சம்சாரங்க ஐயா."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"மத்தியானம் ஆயிருங்க."

அதிகாரி தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "அதுவரைக்கும் யாரும் அதைத் தொடாம பாத்துக்கங்க" என்றார். பிறகு ஆஸ்பத்திரி கேன்டீனுக்குப் போய் டீ குடித்துவிட்டு, எனக்கும் ஒன்று வாங்கிவந்து கொடுத்தார்.

தேர்தல் முடிந்து துப்பாக்கி வீடு திரும்பிய மாதத்தில்தான் வெள்ளையன் தன் கிட்னிகளில் ஒன்றைத் தருவதாகச் சொன்னான். செல்லாயி ஒப்புக்கொள்ளவில்லை. "உனக்குப் பட்டறை இருக்கு, புள்ளைங்க இருக்கு" என்றாள். அவன் நிமிராமல் கீலைத் துடைத்துக்கொண்டே பேசினான்.

"அம்மா செத்தப்ப எனக்கு நடக்கக்கூடத் தெரியாதாம். நீதான இடுப்புல தூக்கிட்டுத் திரிஞ்ச? ஒரு கிட்னிய நீ தூக்கிட்டுத் திரியமாட்டியாக்கா?"

அவள் அழுதாள். பிறகு எந்தக் கிட்னி என்று கேட்டாள்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் டாக்டர் அவளிடம் ஏதாவது வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். கண் விழித்ததும் வீட்டைப் பார்க்க வேண்டும் என்றாளாம். ஜன்னலில் வீடு தெரிய வேண்டுமென்றால் துப்பாக்கியை முழுதாக மடக்க வேண்டும். பித்தளைக் கட்டையை எடுக்க வேண்டும். நான் அத்தாயியைத் தேடிப் போனேன். களத்தில் ஜவ்வரிசி வெள்ளை வெளேரென்று விரிந்திருந்தது. விஷயத்தைச் சொன்னேன். எவ்வளவு நேரம் ஆகும் என்று டாக்டருக்கே தெரியவில்லை என்பதையும் சொன்னேன்.

"நாளைக்குக் களத்துக்கு லீவு" என்றார் அத்தாயி. மற்ற பெண்களைக் கேட்கக்கூட இல்லை. அவர்களும் உடனே ஜவ்வரிசியைச் சாக்கில் அள்ளத் தொடங்கினார்கள்.

மறுநாள் விடிந்ததும் கட்டையை எடுத்துவிட்டு, குழலை அவள் அறைப் பக்கமாகக் கொஞ்சம் திருப்பி மடக்கினேன். இரண்டு பாதியும் ஒன்றோடொன்று பொருந்திய சத்தம் சைக்கிள் டியூபையும் மீறிக் கேட்டது. ஆஸ்பத்திரியின் பின்சுவர் எங்கள் படலோடு ஒட்டி நின்றது. நான் வாசலில் உட்கார்ந்து துப்பாக்கியை மடியில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். கீல் நழுவினால் அவள் கண் விழிக்கும்போது ஜன்னலில் ஒன்றும் இருக்காது. வெயில் ஏறியது. எங்களுக்கு வெயில் இருந்தது, ஆஸ்பத்திரிக்கும் இருந்தது. நடுவில் மடிந்துகிடந்த நிலத்தில்தான் இல்லை. அங்கே அத்தாயியும் அவர் ஆட்களும் வீட்டுக்குப் போகாமல் களத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. விளக்குகூடப் போடவில்லையாம். வெளிச்சம் மடிப்பின் ஓரமாக வெளியே கசிந்து டாக்டரின் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று அத்தாயி சொன்னாராம். இருட்டில் பாட்டும் பாடாமல் பேச்சும் இல்லாமல் இருந்திருக்கிறார்கள்.

சாயங்காலம் ஆனபோது எதிரே ஜன்னல் திரை விலகியது. நர்ஸ் தலையணையை நிமிர்த்தி வைத்தார். செல்லாயியின் முகம் தெரிந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் மரவள்ளிச் செடிகளைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள், கொடியில் தொங்கிய தன் புடவையைப் பார்த்தாள். பிறகுதான் என்னைப் பார்த்தாள். உதடு அசைந்தது. கண்ணாடி இருந்ததால் கேட்கவில்லை. புடவையை எடுத்து மடித்து வைக்கச் சொல்கிறாள் என்று புரிந்தது. கை இரண்டும் துப்பாக்கியில் இருந்ததால் தலையை மட்டும் ஆட்டினேன்.

அவள் நல்லபடியாக வீட்டுக்கு வந்தாள். வெள்ளையனும் பட்டறையைத் திறந்துவிட்டான். கீலைச் சரிசெய்ததும் அவன், கிட்னி கொடுத்ததும் அவன். துப்பாக்கியை நான் இப்போதெல்லாம் மடக்குவதில்லை. அத்தாயியின் களத்துக்கு முழு வெயில் விழுகிறது. முதல் ஈடு ஜவ்வரிசியில் ஒரு மூட்டையை அவர் பஸ்ஸில் போட்டு அனுப்பினார். நாங்கள் ஒரு தார் வாழைப்பழத்தைக் களத்துக்கும் இன்னொன்றை ஏட்டு வீட்டுக்கும் அனுப்பினோம்.

ஆடி பிறந்தது. வெள்ளையன் புது வேட்டி கட்டிக்கொண்டு, தட்டில் பூவும் பழமும் வைத்து எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றான். தலை ஆடி என்பதால் கிட்னியைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போக வந்ததாகச் சொன்னான். செல்லாயி அவனை உட்காரவைத்துச் சாப்பாடு போட்டாள்.

"எப்ப கொண்டுவந்து விடுவ?" என்று கேட்டாள்.

"சாயங்காலப் பஸ்ஸுலயே கொண்டாந்து விட்டுருவேங்க்கா. எங்கிட்ட இருக்கற மத்ததும் ரொம்ப நாளா பாக்கணும்னு சொல்லிட்டே இருந்துச்சு."

அவள் உள்ளே போய்க் கிட்னிக்குத் தலைவாரி, நெற்றியில் பொட்டு வைத்து அனுப்பினாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரவைக்கச் சொன்னாள்.