புட்டியில் இருந்த பெயர்

"யாருக்கு இந்த மாத்திரை?"

பிஸ்கட் டப்பாவுக்குள் விட்ட கை, மருந்துப் புட்டியோடு வெளியே வந்தது. எலிசாரா அதை ஆட்டிப் பார்த்தார். பாதிக்கு மேல் காலி. கண்ணாடியை எங்கேயோ வைத்துவிட்டதால், மேலே ஒட்டியிருந்த சீட்டின் எழுத்துகள் எறும்பாய் ஊர்ந்தன.

மறுநாள் குழந்தைகள் ஞாயிறு, சமோவாவில் பிள்ளைகள் வெள்ளை உடுத்திச் சர்ச் மேடையில் வேத வசனம் சொல்லும் நாள். வெள்ளைக் கவுனுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த மருமகள் தாலிதாவின் கை ஒரு கணம் நின்றது. அந்த ஒரு கணம் போதும் அவருக்கு.

"கவனம் சிதறாம இருக்கறதுக்கு, மாமா. ஏடிஎச்டின்னு டாக்டர்…"

பின்புறம் பேத்தி சுலியா, துணிக்கொடியைச் சுற்றி ஓடிக்கொண்டே வேத வசனம் ஒப்பித்துக்கொண்டிருந்தாள். எட்டு வயது.

"ஓடிக்கிட்டே வேதம் சொல்ற கழுதைக்கு மாத்திரை வேறயா? எங்க வம்சத்துல இப்படி ஒண்ணு பொறந்ததில்ல. உங்க வீட்டு ரத்தம்!"

"முழுசாக் கேளுங்க மாமா, அது வந்து…"

"கேட்டாச்சு. யார் யார்கிட்டச் சொல்லி வச்சிருக்கே? போதகர் சம்சாரத்துக்கிட்டயா?"

"யாருக்கும் சொல்லல. சொல்லக் கூடாதுன்னுதான்…" தாலிதா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

சொல்லக் கூடாதாம். யார் சொன்னது? போன வாரம் அவர் உள்ளே நுழைந்ததும் மகனும் மருமகளும் சட்டென்று பேச்சை நிறுத்தியது இப்போது நினைவுக்கு வந்தது.

"நாளைக்கு அவ மேடை ஏற மாட்டா."

வெளியே ஓட்டச் சத்தம் நின்றது. இரண்டு மாதமாக அந்தப் பெண் மனப்பாடம் செய்த வசனம் அது.

பழி மருமகள் பக்கமே போய்ச் சேரட்டும் என்று புட்டியையும் எடுத்துக்கொண்டு சர்ச் மண்டபத்துக்கு நடந்தார். பெண்கள் மேடைக்கு வெள்ளைத் துணி கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"போதகரே, என் பேத்தி பேரை அடிச்சிடுங்க. தாய் வழி வியாதி. இந்தாங்க சாட்சி."

போதகர் சீட்டைப் படித்தார். முகம் மாறியது.

"ஐயா, வெளிய போய்ப் பேசலாமே."

"எங்கிட்ட ஒளிவுமறைவு கிடையாது. சத்தமாப் படிங்க."

"பவுலோ எலிசாரா."

குண்டூசி குத்திக்கொண்டிருந்த கைகள் அப்படியே நின்றன. பவுலோ அவருடைய ஒரே மகன். சபையின் பாட்டுக் குழுத் தலைவன். சமோவா வழக்கப்படி மகன் பெயரின் பின்னால் தகப்பன் பெயர் வரும். யாருக்கும் தெரியாமல் பிஸ்கட் டப்பாவில் கிடந்த தன் பெயரைத் தானே சுமந்து வந்து சபை நடுவே வைத்திருந்தார்.

"பேரை அடிக்கணும்னா பாட்டுக் குழுவுலயும் அடிக்கணுமே, ஐயா?" என்றார் போதகர்.

எலிசாரா புட்டியை வாங்கிக்கொண்டு திரும்பினார். வாகனம் நிறுத்தும் இடத்தைக் கடக்கும்போது கால் தயங்கியது. எட்டு வயதில் பவுலோ வசனத்தை மறந்துபோன அன்று, இதே இடத்தில்தான் பெல்ட்டைக் கழற்றினார்.

ஞாயிற்றுக்கிழமை, பெயர் அடிபடாமலே மேடை ஏறிய சுலியா மூன்றாம் வரியில் திணறினாள். பாட்டுக் குழுவின் முன்னால் நின்ற பவுலோ, நடக்கும்படி விரலால் சைகை காட்டினான். அவள் மேடையில் இப்படியும் அப்படியும் நடந்தாள். வசனம் தானாக வந்தது. யாரோ சிரித்தார்கள், பிறகு எல்லோரும் கைதட்டினார்கள்.

பகல் விருந்தில் அன்று ஒரு நாள் மட்டும் குழந்தைகள் உட்காருவார்கள், பெரியவர்கள் நின்று பரிமாறுவார்கள். எலிசாரா தண்ணீர் ஜக்கோடு வந்தார். சுலியாவின் பக்கத்துச் சின்ன நாற்காலியில் பவுலோ உட்கார்ந்திருந்தான். கையில் புட்டி.

"எழுந்திருடா. எல்லாரும் பாக்கறாங்க."

"சுலியாவைக் காட்டத்தான்பா போனோம். டாக்டர் அவளைப் பத்திக் கேட்ட ஒவ்வொண்ணும் எனக்கே பொருந்துச்சு."

"தலைவலி மாத்திரைன்னு சொல்லிடு."

"தலை எனக்கு என்னிக்குமே வலிக்கலப்பா." பவுலோ குரலைத் தாழ்த்தவில்லை. "முதுகுதான் வலிச்சுது. தண்ணி ஊத்துங்க."

மண்டபம் முழுக்க அவர் கையையே பார்த்தது. அந்த நாளில் உட்கார்ந்திருப்பவர் கேட்டால் நிற்பவர் மறுக்கக் கூடாது. அந்த முறை தவறாமல் முப்பது வருடம் சபையைக் காத்தவர் அவரேதான்.

எலிசாரா ஜக்கைச் சாய்த்தார்.