மூன்றாவது சென்சார்

பன்னிரண்டாம் நம்பர் டம்பர் லாரியின் திரையில் பழுதைக் காட்டும் அதே எரர் கோடு மறுபடியும் வந்திருந்தது. புகைக்குழாயில் அழுத்தம் குறைவு. லோர்னா கிவேலா லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, கதவைத் தட்டிக்கொண்டே இருக்கும் ஆளைப் பார்ப்பதுபோல அந்த ஒற்றை வரியைப் பார்த்தாள்.

நவம்பரில் வேறொரு மெக்கானிக் வந்து சென்சாரை மாற்றினான். டிசம்பரில் லோர்னாவே வந்து இரண்டாவதைப் போட்டாள். ஒயரையும் புதிதாக இழுத்தாள். கோடு அழிந்தது. ஒரு வாரத்தில் திரும்பி வந்தது. இது ஜனவரி. மூன்றாவது சென்சார் பிரிக்காத பெட்டியோடு அவள் கோட்டுப் பையில் இருந்தது.

"மாத்திட்டுக் கெளம்பு லோர்னா" என்றான் ஃபோர்மேன் ட்வெய்ன் பெல்கி. "நீ மாத்தி முடிக்கிறதுக்குள்ள எனக்கு முடியெல்லாம் கொட்டிடும்."

"கொட்டுறதுக்கு இன்னும் மிச்சம் இருக்கா?"

அவன் சிரிக்கவில்லை. "வண்டி இன்னைக்கு ஓடணும். ஓட்டுற கிழவன்தான் ஓட மாட்டான். வெள்ளிக்கிழமையோட அவனை அனுப்பிடறேன்."

"அர்விடையா? எதுக்கு?"

"ரெண்டு தடவ கரையில மோதிட்டான். நேத்து ரேடியோவுல கூப்பிட்டா, யாரு பேசறதுன்னு என்னையே கேக்கறான். குடிக்கிறான், வேறென்ன?"

"சர்ச்ல முப்பது வருஷமா எனக்கு முன் வரிசையில உக்கார்ற மனுஷன் அவரு. பீர் பாட்டிலத் தொட்டுக்கூடப் பாத்ததில்ல."

"சர்ச்சுக்கு வெளிய என்ன தொடறான்னு உனக்கென்ன தெரியும்? அங்க பாரு. மூணாவது தடவ மோதினா அந்தக் கரை தாங்காது."

லோர்னா பார்த்தாள். மண் ஏற்றிய வண்டிகள் போகும் பாதை, கைவிடப்பட்ட இரும்புச் சுரங்கக் குழியின் விளிம்பை ஒட்டி ஏறியது. பாதைக்கும் குழிக்கும் நடுவே இருந்தது சக்கர உயரத்துக்குக் குவித்த மண் கரை மட்டுமே. குழிக்குள் ஆழம் தெரியாத தண்ணீர். அதன்மேல் சாம்பல் நிறத்தில் பனிக்கட்டி மூடிக் கிடந்தது.

அவள் கதவுகளைத் திறந்துபோட்டு, நின்ற இடத்திலேயே என்ஜினை ஓடவிட்டுச் சோதித்தாள். சென்சார் சரியாகத்தான் அளந்தது. ஒயரிலும் பழுதில்லை. குறை எங்கேயும் இல்லை. இப்படிப்பட்ட நேரத்தில் இந்தத் தொழிலில் எல்லாரும் செய்வது ஒன்றுதான். கோடு எந்தப் பொருளின் பெயரைச் சொல்கிறதோ அதைக் கழற்றி எறிந்துவிட்டு, புதியதைப் போட்டு, அடுத்த ஊருக்குப் போவார்கள். அடுத்த வேலைக்காக அவளுடைய ஆபீசிலிருந்து அதற்குள் இரண்டு முறை போன் வந்துவிட்டது. அறுபது மைல் போக வேண்டும்.

அப்போதுதான் அர்விட் ஹௌட்டலா சாப்பாட்டு வாளியோடு வந்தார். அறுபத்தொரு வயது. போன கோடையில் சர்ச் கூரைமேல் தனியாளாக ஏறி ஓடு மாற்றியவர், இப்போது ஏணியின் மூன்று படி ஏறுவதற்குள் நின்று மூச்சு வாங்கினார்.

"என்ன லோர்னா, என் சீக்காளிக்கு மருந்து கெடச்சுதா?"

"உங்களப் பாத்தா நீங்கதான் சீக்காளி மாதிரி இருக்கீங்க."

"தலவலி. காலையில இருக்காது, மத்தியானம் வந்துடும்." அவர் வாளியிலிருந்து, மாவுக்குள் இறைச்சி அடைத்துச் சுட்ட பேஸ்டியை எடுத்துப் பாதியாகப் பிட்டு நீட்டினார். "இந்தா, நீ தின்னு. எனக்கு அட்டைய மெல்ற மாதிரி இருக்கு. ரெண்டு வருஷம் முன்ன வந்த காய்ச்சலோட வாசனையும் போச்சு, ருசியும் போச்சு."

அவள் வாங்கிக்கொண்டாள். அவர் ட்வெய்ன் தூரத்தில் நிற்பதைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு நடை என்கூட வர்றியா? மேட்டுல ஏறும்போது... பயமா இருக்கு. வேற யார்கிட்டயும் இதச் சொல்ல முடியாது பாரு."

முப்பத்தைந்து வருடம் வண்டி ஓட்டியவர் வாயிலிருந்து அந்தச் சொல் வர எவ்வளவு பாடுபட்டிருக்கும் என்று லோர்னாவுக்குத் தெரிந்தது. பையில் மறுபடியும் போன் அதிர்ந்தது. அவள் அதை அணைத்துவிட்டு, ஓட்டுநருக்குப் பின்னாலிருந்த பயிற்சி இருக்கையில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினாள். பெரிய உதவி ஒன்றுமில்லை, ஒரு மனிதருக்குக் கால் மணி நேரத் துணை.

எக்ஸ்கவேட்டர் வண்டியில் மண்ணைக் கொட்டிக்கொண்டிருந்தபோது அர்விட் தொப்பியைக் கழற்றினார். தன் தாத்தாவின் ஃபின்னிஷ் மொழியில் சாப்பாட்டு ஜெபம் சொன்னார். இருவரும் சாப்பிட்டார்கள். பிறகு வண்டி கிளம்பியது. வெளியே கடும் குளிர். ஜன்னல்கள் மூடியிருந்தன, ஹீட்டர் இரைந்தது.

முதல் வளைவு வரை ஒன்றுமில்லை. இரண்டாம் வளைவில் பாரம் இழுத்தது. என்ஜின் அடித்தொண்டையில் உறுமத் தொடங்கியது. லோர்னாவின் நெற்றியில் ஏதோ மெல்ல இறுக்கியது. காரமான புகை வாடை. தன் கோட்டு நாற்றமாக இருக்கும் என்று முதலில் நினைத்தாள். டீசலோடு வாழ்கிறவர்களுக்கு அது தனியாகத் தெரியாது.

மூன்றாம் வளைவில் திரையில் மஞ்சள் விளக்கு எரிந்தது. அதே கோடு.

"அர்விட், கோடு வந்திருக்கு, பாத்தீங்களா?"

அவர் ஒரு கையால் தொப்பியைக் கழற்றினார். மறுபடியும் ஜெபத்தை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார், மிக மெதுவாக, தூங்கப்போகும் குழந்தைபோல.

"அர்விட்! சாப்பிட்டாச்சு! ஜெபம் பண்ணியாச்சு!"

ஜெபம் பாதியில் நின்றது. அவர் தலை முன்னால் சாய்ந்தது. ஸ்டியரிங் குழியின் பக்கம் தானாகத் திரும்பியது.

லோர்னா பெல்ட்டை அவிழ்த்துவிட்டு அவர் தோளுக்கு மேலாகப் பாய்ந்து பார்க்கிங் பிரேக்கை இழுத்தாள். வண்டி குலுங்கிச் சறுக்கியது. முன் சக்கரம் கரைமேல் ஏறி நின்றது. கண்ணாடி முழுக்க வானம். கரையிலிருந்து சரிந்த மண்கட்டிகள் எங்கோ கீழே பனிக்கட்டியில் விழும் ஓசையை அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். நான்கு. ஐந்து. பிறகு நின்றது.

சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்தாள். கதவை உதைத்துத் திறந்தாள். குளிர்காற்று கத்திபோல உள்ளே வந்தது. அவர் முகத்தை வெளிப்பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு ரேடியோவில் கத்தினாள்.

ஆம்புலன்ஸ் வர இருபது நிமிடம் ஆனது. அதற்குள் ட்வெய்ன் தன் கோட்டைக் கழற்றி அர்விடைப் போர்த்தி, பனியில் அவரைத் தாங்கி உட்கார்ந்திருந்தான். அர்விட் கண் திறந்தார்.

"நான் குடிக்கல ட்வெய்ன்."

"தெரியும், பேசாத." ட்வெய்ன் கோட்டை அவர் கழுத்துவரை இழுத்துவிட்டான். "ரெண்டு தடவ உன் வாய மோந்து பாத்தேன். ஒரு தடவ உன் வண்டில ஏறி உக்காந்திருக்கலாம்."

ஆம்புலன்ஸ் போனதும் வேறொரு வண்டியைக் கட்டி டம்பரைச் சமதரைக்கு இழுத்தார்கள். லோர்னா முன்மூடியைத் திறந்தாள். புகைக்குழாயின் வளைவில் மயிரிழை போன்ற வெடிப்பு, சுற்றிலும் கறுப்புக் கரி. சும்மா ஓடும்போது மூடியிருக்கும். பாரம் ஏறினால் திறந்துகொள்ளும். அழுத்தம் அதனால்தான் குறைந்தது. ஆனால் ஆளை மயக்கும் அந்த நச்சுப் புகை கேபினுக்குள் எப்படி வந்தது?

என்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவிலிருந்த தகட்டில் டார்ச் அடித்துப் பார்த்தாள். புது ஒயர் உள்ளே போகும் இடத்தில் ஒரு துளை. அதில் இருக்க வேண்டிய ரப்பர் அடைப்பு ஒயரிலேயே நாலு விரல் தள்ளித் தொங்கியது.

டிசம்பரில் ஒயர் இழுத்தது அவள். கை விறைத்திருந்த மாலை அது. கோடு அழிந்த மகிழ்ச்சியில் மூடியைச் சாத்திவிட்டுப் போயிருந்தாள்.

சுற்றிலும் யாரும் பார்க்கவில்லை. ஒரு விரலால் அழுத்தினால் அடைப்பு உட்கார்ந்துவிடும். விரல் அதன் அருகே போனது. அர்விட் பிட்டுக் கொடுத்த பேஸ்டியின் மாவு நகக்கண்ணில் இன்னும் ஒட்டியிருந்தது.

கையை எடுத்துக்கொண்டாள். "ட்வெய்ன், இங்க வா. இத நீ பாக்கணும். இது நான் பண்ணினது."

அவன் வந்து குனிந்து வெகுநேரம் பார்த்தான்.

"எழுதிக் குடுப்பியா?"

"குடுக்கறேன். முதல்ல எல்லா வண்டியையும் நிறுத்து. ஒவ்வொண்ணா ஏறிப் பாத்துட்டுத்தான் நான் இங்கருந்து போவேன்."

அவன் ரேடியோவை எடுத்தான். மேட்டில் ஏறிக்கொண்டிருந்த உறுமல்கள் ஒவ்வொன்றாக அடங்கின. குழியின்மேல் அமைதி வந்து உட்கார்ந்தது.

லோர்னா அறிக்கையைத் திறந்தாள். 'சென்சார் மாற்றப்பட்டது' என்று வழக்கமாக எழுதும் இடத்தில், 'சென்சாரில் பழுது இல்லை; அது ஆரம்பத்திலிருந்தே உண்மையைச் சொல்லிவந்தது' என்று எழுதினாள். அடுத்த வரியில் ரப்பர் அடைப்பையும் தன் பெயரையும் எழுதினாள். என்ஜினை ஓடவிடாமல் சாவியை மட்டும் திருப்பினாள்; திரையில் மஞ்சள் விளக்கு எரிந்தது. அதை அவள் அழிக்கவில்லை.