பையனையும் கேட்பார்கள்

அத்தாவின் உடலுக்குக் கபன் துணி சுற்றி முடித்து ஆண்கள் எல்லோரும் கீழே இறங்கியதும் ஜரீனா மாடி ஜன்னலுக்கு ஓடினாள். ஜாலான் புசார் தெரு வழக்கம்போல் இரைந்துகொண்டிருந்தது. டிராலி பஸ், லாரி, மூன்று சக்கரத் திரிஷா எல்லாம் வந்தன. வரவேண்டிய வண்டிதான் வரவில்லை.

"லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லப் போறாங்க. மொகம் பாக்குறவங்க சீக்கிரம் பாத்துக்கிடுங்க, தூக்கணும்" என்று அத்தாவின் தம்பி சின்னத்தா படிக்கட்டின் அடியிலிருந்து குரல் கொடுத்தார்.

அத்தா நெய்னா முகம்மது விடியற்காலைத் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு எடுக்கக் குனிந்தவர், அப்படியே சரிந்துவிட்டார். நியூ வோர்ல்டு கேளிக்கைப் பூங்கா வாசலில் மீ கோரிங் நூடுல்ஸ் கடை போட்டிருந்த மனிதர். முந்தின இரவுகூட கல்லிலிருந்து கண்ணை எடுக்காமல் நின்றவர். நெஞ்சு வலிக்கிறது என்று ஒருநாளும் சொன்னதில்லை.

ஜரீனாவின் தம்பி மஸ்தானுக்குப் பதினான்கு வயது. போன வருஷத்திலிருந்து அவன் சீர்திருத்தப் பள்ளியில் இருந்தான். அது தெருவுக்குத் தெரியாது. பினாங்கில் ஒரு துணிக்கடையில் தொழில் பழகுகிறான் என்று சின்னத்தா கட்டிவிட்ட கதையைத்தான் எல்லோரும் நம்பினார்கள்.

போலீஸ் ஒன்றும் அவனைப் பிடித்துக்கொண்டு போகவில்லை. அத்தாதான் கையைப் பிடித்து அழைத்துப் போனார். பையன் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு ஒரு கும்பலோடு நியூ வோர்ல்டில் சுற்றினான். அத்தா கடையில் நின்றபடியே அதைப் பார்த்துப் பார்த்து வெந்தார். அடங்காத பிள்ளையைப் பெற்றவரே சிறுவர் கோர்ட்டில் கொண்டுபோய் விடலாம் என்று யாரோ சொல்லிவைத்தார்கள். அத்தா அதையும் ஓதும் பள்ளி மாதிரி நினைத்துவிட்டார்.

"கண்ண மட்டும் விட்டுட்டுத் தோல உரிச்சிருங்க சார்" என்றார் மாஜிஸ்திரேட்டிடம்.

ஊரில் ஓதிக்கொடுக்கும் உஸ்தாதிடம் பிள்ளையை விடுகிற எந்தத் தகப்பனும் சொல்வதுதான். எந்த உஸ்தாதும் எந்தப் பிள்ளையின் தோலையும் உரித்ததில்லை. மொழிபெயர்ப்பாளர் அதை அப்படியே இங்கிலீஷில் சொன்னார். மாஜிஸ்திரேட்டும் இருபுறமும் உட்கார்ந்திருந்த ஆலோசகர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்தப் பையனுக்கு வீடு பாதுகாப்பில்லை என்று முடிவாயிற்று. இரண்டு அதட்டல் போட்டுச் சாயங்காலமே அனுப்பிவிடுவார்கள் என்று நம்பிப் போன மனிதர், தனியாகத் திரும்பி வந்து அன்றைக்குக் கடை திறக்கவில்லை.

ஞாயிறு தவறாமல் அவனைப் பார்க்கப் போனார். "கொண்டாந்து விட்டவர நான் பாக்க மாட்டேன்" என்று மஸ்தான் ஒவ்வொரு முறையும் சொல்லியனுப்பினான். கொண்டுபோன பொட்டலத்தை வாசலில் கொடுத்துவிட்டு அத்தா திரும்பிவிடுவார்.

காலையில் ஜரீனா கீழே இரும்புக்கடை முதலாளி தவுக்கேயின் போனிலிருந்து தனசேகரனைக் கூப்பிட்டாள். அவர் நன்னடத்தை அதிகாரி. மஸ்தான் விஷயமாக அவ்வப்போது வீட்டுக்கு வந்து போகிறவர்.

"கோர்ட்டு கூடினதும் நானே போயி பெர்மிஷன் கேக்குறேம்மா. ஆனா பையனையும் கேப்பாங்க."

"அவன என்ன கேப்பாங்க?"

"வர்றியான்னு. மாட்டேன்னு சொல்லிட்டா இழுத்துக்கிட்டு வர மாட்டோம். இந்தக் கோர்ட்டு அப்படி இல்ல."

"பெத்தவர் மவுத்துக்கு வர்றியான்னு புள்ளகிட்டயா சார் கேப்பீங்க?"

ஜரீனா போனை வைத்துவிட்டாள். அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. படியேறி வரும்போதுதான், இந்த வீட்டில் யாரும் மஸ்தானிடம் எதையும் கேட்டதில்லை என்று தோன்றியது. அவளிடமும் கேட்டதில்லை.

விஷயம் தெரிந்ததும் சின்னத்தா கொதித்துப்போனார். "ஏலா, போலீஸ் வண்டியில வெலங்கோட எறக்குவாங்க! ஜமாஅத்தே நிக்குது. நாள பின்ன ஒன்னய யாரு கட்டுவா?"

விலங்கை நினைத்து அவளுக்கும் பயம்தான். ஆனாலும் ஜன்னலை விட்டு அவள் நகரவில்லை.

இப்போது பெண்கள் முகம் பார்த்து முடித்திருந்தார்கள். விடிந்ததிலிருந்து வாய் திறக்காத அம்மா ஹலீமா எழுந்தாள். உள்ளறைக்குப் போகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் நேராக நடந்து போய்ப் படிக்கட்டின் மேல்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"மதினி, உள்ள போங்க. ஆளுக மேல வரணும்" என்றார் சின்னத்தா.

"எம்புள்ள வரட்டும்."

அவள் இத்தா என்கிற விதவைத் தனிமையில் இருக்க வேண்டியவள். அந்நிய ஆணின் கண்ணில் படக்கூடாது. கொழுந்தனும் அந்நியன்தான். அவளுடைய கூடப்பிறந்தவர்கள் எல்லோரும் ஊரில், கடையநல்லூரில். அவளைத் தாண்டி ஏற அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் உரிமையில்லை. ஜமாஅத்துப் பெரியவர்கள் அத்தனை பேரும் தண்டனை வாங்கிய பிள்ளைகள் மாதிரி சுவரைப் பார்த்து நின்றார்கள்.

சின்னத்தாவின் மனைவி சாயிரா பானு சின்னம்மா வந்து கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். அம்மா கைப்பிடிக் கட்டையை விடவில்லை.

"புள்ள பினாங்குலல்ல இருக்கான்? எப்படி இன்னைக்கு வருவான்?" என்று ஒரு பெரியவர் சுவரிடம் கேட்டார்.

"பினாங்குல இல்ல" என்றாள் அம்மா. "கோர்ட்டுப் பள்ளிக்கூடத்துல இருக்கான். அவுக அத்தாதான் கொண்டுபோய் விட்டாக."

சின்னத்தா தொப்பியைக் கழற்றி மறுபடியும் போட்டுக்கொண்டார். டன்லப் ஸ்திரீட் பள்ளிவாசலுக்கு ஆட்கள் போகத் தொடங்கியிருந்தார்கள். இனித் தாமதித்தால் ஜமாஅத்தே அம்மாவைக் குறை சொல்லும். மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பான் என்று ஜரீனா உறுதியாக நம்பிவிட்டாள். அந்த ஞாயிறுகளைப் போல அத்தா கடைசியாக ஒருதரம் இவனுக்காகக் காத்திருக்கிறார், இப்போதும் இவன் வெளியே வரப்போவதில்லை.

அப்போது ஒரு டாக்சி வந்து நின்றது.

முதலில் தனசேகரன் இறங்கினார். சாதாரண வெள்ளைச் சட்டை. பிறகு மஸ்தான். விலங்கு இல்லை, போலீஸ் இல்லை, கையைக்கூட யாரும் பிடித்திருக்கவில்லை. தனசேகரன் கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு, துக்கத்துக்கு வந்த இன்னொரு ஆள் மாதிரி அஞ்சடி நடைபாதையின் ஓரத்தில் போய் நின்றுகொண்டார்.

மஸ்தான் டாக்சி பக்கத்திலேயே நின்றான். சட்டென்று திரும்பினால் எதிரே நியூ வோர்ல்டுப் பக்கம் ஓடிவிடலாம். தனசேகரன் அவனைப் பார்க்கக்கூட இல்லை. ஜரீனா ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அவன் உள்ளே வந்தான். ஆண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். தனியாகப் படியேறி அம்மாவுக்கு ஒரு படி கீழே நின்றான்.

"அம்மா, எந்திரிங்க."

"வந்துட்டியாய்யா."

"கேட்டாங்கம்மா" என்றான் மஸ்தான். "வர்றேன்னு சொன்னேன்."

அம்மா கைப்பிடிக் கட்டையை விட்டாள். அவள் எழுந்துகொள்ள அவன் கைகொடுத்தான்.

அத்தாவின் மய்யித்தைக் கீழே இறக்கித் தெருவோரம் சந்தூக்குப் பெட்டியில் வைத்தார்கள். தூக்குவதற்கு முன் வாரிசு நின்று மய்யித்துக்காக மன்னிப்புக் கேட்பது அவர்கள் வழக்கம். தானே சொல்லிவிடலாம் என்று சின்னத்தா தொண்டையைச் செருமினார். பெரியவர் அவர் கையைத் தொட்டு, "மகன் நிக்கிறான்ல" என்றார்.

மஸ்தான் தலையைக் குனிந்தபடி நின்றான். ஜரீனா ஜன்னலில் இன்னும் முன்னால் சாய்ந்தாள். இவன் வாயிலிருந்து இப்போது என்ன வரும்? எத்தனை ஞாயிற்றுக்கிழமைகளின் வன்மம் அதில் இருக்கும்?

"எங்க அத்தா..." என்று தலையை நிமிர்த்தித் தொடங்கி நிறுத்தினான். குரல் உடைகிற வயசு. "எங்க அத்தா யாரு மனசையாச்சும் நோகடிச்சிருந்தா, தப்பா ஏதும் செஞ்சிருந்தா, அல்லாஹ்வுக்காக மன்னிச்சிருங்க."

"மன்னிச்சோம்" என்றது கூட்டம்.

ஜரீனா தம்பியின் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவை மட்டும் மூடியே இருந்தன.

சின்னத்தா அவன் தோளைப் பிடித்து முன்னால் கொண்டுவந்து, சந்தூக்கின் தலைப்பக்கம் தனக்கு இணையாக நிறுத்தினார். தூக்கினார்கள். சந்தூக்கின் கொம்புக்கு அவன் தோள் எட்டவில்லை. கையை நீட்டித் தொட்டுக்கொண்டு நின்றான். பின்னால் நின்றவர்களில் ஒருவர், "உசரமான ஆள் மாத்திக்கிடலாமே" என்றார்.

சின்னத்தா திரும்பிப் பார்க்கவில்லை. முழங்காலை மடித்துத் தன் பக்கத்தைத் தாழ்த்தினார். கொம்பு மஸ்தானின் தோளில் இறங்கி உட்கார்ந்தது. பின்னால் இருந்தவர்களும் ஒவ்வொருவராகக் குனிந்தார்கள். அப்படிக் குனிந்தபடியே எல்லோரும் அவன் உயரத்தில் நடந்து, லாரிகள் நின்று வழிவிட்ட தெருவில் பள்ளிவாசலை நோக்கித் திரும்பினார்கள்.