ஒரு சுற்றுக்கு ஒரு வரி

பெரிய குழாயில் ஓடும் தண்ணீர் ரயில் மாதிரி கனமானது. வால்வைச் சட்டென்று மூடினால் அது போய் முட்டும். அந்த அதிர்ச்சி வந்த வழியே திரும்பிப் போய் எங்காவது ஓர் இணைப்பைப் பிளந்துவிடும். அதனால் சக்கரத்தை மெல்லத்தான் சுற்ற வேண்டும். மெல்ல என்றால் எவ்வளவு மெல்ல? நீரேற்று நிலையத்து வால்வுக்காரர் அதற்கு ஒரு பிரார்த்தனை வைத்திருந்தார். ஒரு சுற்றுக்கு ஒரு வரி. பிரார்த்தனை முடியும்போது வால்வும் மூடியிருக்கும்.

"கடவுளையே குழாய் வேலைக்குச் சேர்த்துட்டியே மச்சான், சம்பளம் யாரு குடுக்கறது?" என்று தங்கையின் கணவர் கேலி செய்வார். ஆனாலும் வீட்டில் நல்லது கெட்டது எதுவானாலும் மச்சான் வந்து அந்தப் பிரார்த்தனையைச் சொன்னால்தான் அவருக்குத் திருப்தி.

கலவரம் மூண்ட வாரம், மறியல் நடந்த பகுதிக்குத் தண்ணீரை நிறுத்தச் சொல்லி மேலதிகாரி போன் செய்தார். தங்கை வீடும் அங்கேதான். ஒரு நாள்தானே, குடங்களில் பிடித்து வைத்திருப்பாள் என்று வால்வுக்காரர் தன்னைத் தேற்றிக்கொண்டார். முதல் வரியைச் சொல்லிச் சக்கரத்தைப் பிடித்தார். எங்கும் குழாய் பிளக்கவில்லை. வேலை சுத்தம்.

அன்று மாலை தங்கை வீட்டுத் தெருவுக்கு யாரோ தீ வைத்தார்கள். தீயணைப்புக்காரர்கள் தெருமுனைக் குழாயைத் திறந்தபோது வெறும் காற்றுதான் வந்தது. பக்கத்து வீட்டுக் குழந்தைகளை வெளியே கொண்டுவந்துவிட்டு மறுபடி உள்ளே போன தங்கையின் கணவர் திரும்பவில்லை.

அடக்கத்தன்று வால்வுக்காரர் தங்கையின் அருகில் போய், மூடியது தான்தான் என்றார்.

"தெரியும்ணா. வேற யாரு மூடுவாங்க? வந்து பிரார்த்தனையச் சொல்லு. நீ சொன்னாத்தான் அவருக்குப் பிடிக்கும்."

அவருக்கு ஒரு வரிகூட மறந்துவிடவில்லை. ஆனால் இத்தனை வருஷம் அதைக் கேட்டுக்கொண்டிருந்த கடவுள், வால்வை மூடிய அன்றும் கேட்டிருக்க வேண்டும். கேட்டும் சக்கரத்தைச் சுற்ற விட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் ஒருநாளும் யாரும் கேட்டதே இல்லை. இரண்டில் எது என்று தெரியாமல் அந்தக் குழியருகே அவருக்கு வாய் வரவில்லை.

"என்னால முடியலம்மா."

தங்கை தானே பிரார்த்தனையை ஆரம்பித்தாள். அவளுக்கு முழுதாகத் தெரியாது. வரிகள் முன்னும் பின்னுமாய் வந்தன. பாதியில் நின்றது. அடுத்த வரிக்காக எல்லோரும் வால்வுக்காரரைப் பார்த்தார்கள். அவர் தரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவள் மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.