அமிலத்தில் தொங்கிய துண்டுகள்

பீற்றர் தங்கூசி நூலை மெல்ல இழுத்தான். பிளாஸ்ரிக் வாளியில் கிடந்த அமிலத்துக்குள்ளிருந்து இரண்டு உலோகத் துண்டுகள் மேலே வந்தன. ஒன்று தொங்கவிட்டபோது இருந்தபடியே மினுங்கியது. மற்றது கறையான் அரித்த பலகை மாதிரித் துளைதுளையாய் இருந்தது.

துளை விழுந்தது முன்பு குழாய்க்கு அவன் தெரிந்தெடுத்த உலோகம். தலைமன்னாரில் வள்ளத்துக்கு ஆணி வாங்குகிறவர்கள் காந்தம் வைத்துத்தான் பார்ப்பார்கள். ஒட்டாவிட்டால் அது நல்ல ஸ்ரெயின்லெஸ், உப்புத்தண்ணிக்கு அசையாது. நண்டுக்கோதை அமிலத்தில் ஊறவைக்கிற தொழிற்சாலைக்குக் குழாய் பொருத்தக் கேட்டபோதும் பீற்றர் சட்டைப்பையிலிருந்து காந்தத்தைத்தான் எடுத்தான். "கடலுக்கே நிண்ட சாமான், இதுக்கு நிக்காதோ?" என்று வீறாப்பு வேறு. வெளியில் முகம் பார்க்கலாம் போல மினுங்கிய குழாயை அமிலம் உள்ளேயிருந்து தின்றது. வளைவு வெடித்துச் சீறியபோது கீழே நின்றவன் ஜஸ்ரின், பீற்றரின் தங்கை நிறஞ்சலாவின் புருசன். இரண்டு கண்ணும் போய்விட்டது.

இப்போது தொழிற்சாலையைத் திரும்பத் திறக்கிறார்கள். நிக்கல் கூடக் கலந்த வேறு உலோகத்தில் குழாய் போட்டிருக்கிறார்கள். ஜஸ்ரின் பார்த்த வேலைக்கு இன்று நிறஞ்சலா போகிறாள். பீற்றருக்கு ஒருவர் சொல்லிலும் நம்பிக்கையில்லை. புதுக்குழாயில் வெட்டிய துண்டொன்றைக் கெஞ்சி வாங்கிவந்து, பழையதோடு சேர்த்துத் தங்கையின் முற்றத்திலேயே ஊறவிட்டிருந்தான்.

"வடிவாக் கழுவிப்போட்டு இஞ்ச தா மச்சான்," என்றான் கதிரையிலிருந்த ஜஸ்ரின். இரண்டையும் விரலால் தடவினான். துளைகளுக்குப் போன விரல் அங்கேயே நின்றது.

"இதுதானே என்ர குழாய்?"

"ஓம்."

"காந்தம் வைச்சுப் பாத்தனியோ?"

ஜஸ்ரின் சிரித்தான். வெந்து இழுபட்ட முகத்தில் ஒரு பக்கந்தான் சிரித்தது. பீற்றர் வாளியைச் சுவரோரம் தள்ளி வைத்தான்.

நிறஞ்சலா சாப்பாட்டுப் பையோடு வெளியே வந்தாள்.

"அண்ணா, இந்தமுறை நிக்குமோ?"

நிக்கும் என்று சொல்ல வாயெடுத்தான். ஜஸ்ரின் கையிலிருந்த துளைத்துண்டில் கண் போனது. போகாதே என்றும் சொல்ல ஏலாது; உள்ளே அடுப்பு எரியவேண்டும்.

"இண்டைவரைக்கும் நிக்குது, பிள்ளை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

"பேந்தென்ன, அது போதும். போட்டு வாறன்."

அவள் காலில் ஜஸ்ரினின் றப்பர்ச் சப்பாத்து. அளவு பெரிசு, முனையில் பழந்துணி அடைத்திருந்தாள். சீமெந்தில் அது சளக் சளக்கென்று அடித்தது. ஜஸ்ரின் தலையைச் சரித்து, தன்னுடைய நடை வாசல் படலையைத் தாண்டிப் போவதைக் கேட்டுக்கொண்டிருந்தான்.